அற்றோணித் தத்துவம் ஊர்க் காணிக்கு மட்டும்தானா?

1980களில் யேர்மனிக்கு வந்த எமது பெற்றோரில் பலர், ஊரில் உள்ள காணியைப் பராமரிக்கவோ விற்கவோ அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பியவர்கள். பிரதியைக் கூடக் கோப்பில் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் தாம் வாழும் பான் நகரில், தம் உடலுக்கும் வங்கிக் கணக்கிற்கும் அப்படியொரு தாள் பல வீடுகளில் இல்லை. நான்கு பரப்புக் காணிக்கு உள்ள பாதுகாப்பு அதன் உரிமையாளருக்கு இல்லை.

கேட்டால், "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பதே பதில். பாசத்தைப் பற்றிய கூற்றாக இது உண்மையாக இருக்கலாம். சட்டத்தைப் பற்றிய கூற்றாக முற்றிலும் பிழை. யேர்மனியில் வயது வந்த ஒருவருக்காக அவருடைய பிள்ளை, பிள்ளை என்ற உரிமையால் மட்டும் கையொப்பமிட முடியாது. பத்து வயதிலிருந்து வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் தாய்க்காக மொழிபெயர்த்த மகளும், தாய் பக்கவாதத்தால் நினைவிழந்த நாளில் சட்டத்தின் கண்ணில் வெறும் உறவினரே. கணவன் மனைவிக்கு 2023 ஜனவரி 1 முதல் ஒரு சிறிய வாசல் திறந்திருக்கிறது: மருத்துவ விடயங்களில் மட்டும், ஆறு மாதங்களுக்கு மட்டும். வங்கி அதில் அடங்காது.

அதன் பின் நீதிமன்றம் ஒரு பராமரிப்பாளரை, அதாவது 'பெட்ரொயர்' ஒருவரை, நியமிக்கும். இச்சட்டம் 1990 இல், நாடாளுமன்றம் இதே பான் நகரில் இருந்தபோது நிறைவேறி 1992 இல் நடைமுறைக்கு வந்தது. மனிதரின் உரிமையையே பறித்த பழைய முறையை ஒழித்த நல்ல சட்டம் அது; குறை சொல்வதற்கில்லை. நீதிமன்றம் உறவினரையும் கவனத்தில் எடுக்கும். ஆனால் பிள்ளைகள் தமக்குள் முரண்பட்டால், அம்மாவின் பெயரைக் கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத அந்நியர் ஒருவர் அவருடைய வதிவிடத்தைத் தீர்மானிக்கும் நிலை வரலாம். மறதி நோயில், பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. அவரிடம் அம்மா எந்த மொழியில் மறுப்பார்?

இதைத் தவிர்க்கும் தாளின் பெயர் 'ஃபோர்சோர்கஃபோல்மாக்ட்'. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதும் 'பாசியென்டன்ஃபெர்ஃப்யூகுங்' வேறொரு தாள். 2009 செப்டெம்பர் 1 முதல் அதற்குத் தெளிவான சட்ட வலு உண்டு. நீதி அமைச்சின் மாதிரிப் படிவங்கள் இலவசம். வீடு வைத்திருப்போர் மட்டும் நொத்தாரிசிடம் ஆலோசிப்பது நல்லது.

"எழுதிக் கொடுத்தால் பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்" என்ற அச்சம் வெளியே சொல்லப்படுவதில்லை. அது நியாயமற்ற அச்சமும் அல்ல. ஆயினும் அதற்கு மருந்து எழுதாமல் விடுவதன்று: இருவரைச் சேர்த்து நியமிக்கலாம், அதிகாரத்தை வரையறுக்கலாம், மூலப் பிரதியைத் தம் கையிலேயே வைத்திருக்கலாம், தெளிவுடன் இருக்கும்வரை மீளப்பெறலாம். மறுபக்கம், தமக்கு விளங்காத யேர்மன் படிவத்தில் பெற்றோரைக் கையொப்பமிடச் செய்யும் இளையோரும் தவறிழைக்கிறார்கள். வரி வரியாகத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆண்டுதோறும் கலைவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் எமது அமைப்புகள், அந்த ஒரு மாலையை இதற்கு ஒதுக்கத் தயங்குவது ஏன்? மரணத்தைப் பேசுவது அபசகுனம் என்பார்கள். இது மரணத்தைப் பற்றியதே அன்று. உயிரோடு இருந்தும் பேச முடியாத ஆண்டுகளைப் பற்றியது. தத்துவம் எழுதுபவர் கையொப்பமிடும் நாளில் தெளிந்த அறிவுடன் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மறதி முற்றிய பின் எந்த நொத்தாரிசும் அதனை எழுத மாட்டார்.