எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்குமா?

கம்ப்யூட்டருடன் ஸ்பீக்கர், மைக், இசைக் கீபோர்டு என்று எதையாவது இணைத்தவர்கள் அந்தச் சத்தத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். பாட்டு எதுவும் ஓடாதபோதே ஸ்பீக்கரில் "உம்ம்" என்று ஓர் உறுமல். மவுஸை நகர்த்தினால் "கீச் கீச்" என்று ஒரு கீறல். கடையில் கேட்டால், "பவர் சப்ளை சரியில்லை சார், மாத்திடுங்க" என்பார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "அந்தப் பெரிய பின்னை எடுத்துட்டா நின்னுடும்" என்பார். முதல் யோசனையில் பணம் போகும். இரண்டாவதில் உயிரே போகலாம். என் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

எனக்கு வேலை சாஃப்ட்வேர். பொழுதுபோக்கு மாடுலர் சிந்தசைஸர். இதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சாதாரண இசைக் கீபோர்டில் எல்லாச் சர்க்யூட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். மாடுலரில் ஒலியை உண்டாக்க ஒரு தகடு, அதை வடிகட்ட ஒரு தகடு, ஏற்றி இறக்க ஒரு தகடு எனத் தனித்தனியாக வாங்கி, ஒரு சட்டத்தில் திருகி, வயர்களால் இணைத்துக் கொள்ள வேண்டும். 1960களில் அமெரிக்காவில் மூக், புக்லா ஆகியோர் தொடங்கி வைத்தது. இன்று பரவலாக இருக்கும் யூரோராக் என்ற சிறிய அளவை 1990களின் நடுவில் ஜெர்மனியின் டாஃப்பர் நிறுவனம் கொண்டு வந்தது. எல்லாத் தகடுகளுக்கும் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் கொடுக்க ஒரே பவர் சப்ளைதான். கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் எஸ்.எம்.பி.எஸ். செய்கிற அதே வேலை.

இதில் மின்சாரம் கொஞ்சம் பிசகினாலும் காதில் விழுந்துவிடும். ஏனென்றால் சுரத்தைச் சொல்வதே வோல்டேஜ்தான். 1 வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானங்கள் என்பதால், ஒன்றுக்கு 83 மில்லிவோல்ட்தான் கணக்கு. சட்டத்துக்குள் ஓடும் பொது கிரவுண்டு வயர் மெலிதாக இருந்து 10 மில்லிவோல்ட் வேறுபாடு வந்தால் போதும், சுரம் எட்டில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். அபசுரம் என்று கேட்பவருக்குத் தெரியும், காரணம் மட்டும் தெரியாது. அதனால் சட்டத்துக்குள் தடிமனான கிரவுண்டு வயர் போட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் என்னைப் படுத்திய உறுமல் சட்டத்துக்குள் பிறந்தது அல்ல. நான் அது தெரியாமல், கடைக்காரர் பேச்சைக் கேட்டு விலை உயர்ந்த பவர் சப்ளை ஒன்றை வாங்கி மாட்டினேன். உறுமல் அப்படியே இருந்தது. அப்புறம்தான் ஒரு காரியம் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. கம்ப்யூட்டருக்குப் போகும் ஆடியோ கேபிளையும் யு.எஸ்.பி. கேபிளையும் கழற்றிவிட்டு, சிந்தசைஸரில் நேராக ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். துல்லியமான அமைதி. பழைய பவர் சப்ளையை மாட்டியும் கேட்டேன். அதிலும் அமைதி!

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் ஒரு சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில், சிந்தசைஸர் எதிர்ச் சுவரில். இரண்டுமே மூன்று பின். ஆகவே இரண்டும் சுவர் வழியாக எர்த்தில் இணைந்திருக்கின்றன. ஆடியோ கேபிளை மாட்டியதும், அதன் வெளிச் சுற்று வயர் வழியாக இன்னொரு முறை இணைகின்றன. இப்படி ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இரண்டு பிளக் பாயின்ட்டுகளின் எர்த்துக்கு இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அந்த வளையத்தில் கரண்ட் ஓடும். சாதாரண ஆடியோ கேபிளில் பாட்டு போவதும் அதே வெளிச் சுற்றைத் துணையாகக் கொண்டுதான் என்பதால், அந்த வித்தியாசம் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே கனத்த உறுமல். அதிலேயே மவுஸுக்கு ஏற்ப மாறும் கீச்சொலி கேட்டால், கம்ப்யூட்டருக்குள் ஓடும் கரண்ட்டின் ஏற்ற இறக்கமும் அதே வளையத்தில் ஏறிக்கொண்டது என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆஃப் ஆகும் வேகம் நம் காதுக்கு எட்டாத அளவு அதிகம். அதைக் குறை சொல்வதற்கு முன் இந்த வளையத்தைத் தேடுங்கள்.

பின்னை உடைத்தால் வளையம் அறுந்து உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். என் வீட்டுக்கு வந்தவரும் கட்டிங் பிளேயரால் ஒரே நிமிடத்தில் கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் பின்னை நறுக்கி, உறுமலை நிறுத்திவிட்டார். எனக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்து ஆடியோ கேபிளைக் கழற்றிய கையோடு கேபினட்டைத் தொட்டபோது சுருக்கென்றது. டெஸ்டரை வைத்தால் சிவப்பாக எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பச் சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அவை கேபினட்டின் இரும்பைப் பாதி மின் அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 115 வோல்ட்டுக்கு ஏற்றி வைத்துவிடும். அதில் வரும் கரண்ட் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு. அது ஆளைக் கொல்லாது. ஆனால் கேபிளைச் செருகும் நொடியில் சவுண்டு கார்டையோ சிந்தசைஸரின் உள்ளீட்டையோ சுட்டுவிடலாம். உள்ளே பேஸ் வயர் ஒன்று தேய்ந்து இரும்பில் பட்டால் நிலைமையே வேறு. 230 வோல்ட்டும் நீங்கள் தொடும் இடத்துக்கு வந்து நிற்கும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். எர்த் இல்லாத இடத்தில் அந்த வேலையை உங்கள் உடம்பு செய்யும்.

நம் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது? செருகும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காக. அதைப் போய் நறுக்குகிறோம்! மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் போடுவதும் இதே தவறுதான்.

அன்றே பிளக்கை மாற்றினேன். கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர், சிந்தசைஸர் நான்கையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்தேன். உறுமலில் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது. உங்களில் பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஸ்பீக்கரைக் கேபினட்டின் முன்பக்கத் துளையில் மாட்டியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள், கீச்சொலி குறையலாம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட விட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வளையம்.

மீதி இருந்த கீச்சொலிக்கு ஆடியோ கேபிளின் நடுவே ஒரு சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். இசை காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், கிரவுண்டு தாண்டாது. யு.எஸ்.பி.க்கும் ஐசொலேட்டர் விற்கிறார்கள். அதில் ஏமாறாதீர்கள். மலிவானவற்றில் பல 12 மெகாபிட் வேகத்துக்குத்தான் லாயக்கு. 480 மெகாபிட் கேட்கும் ஆடியோ கருவி அதில் வேலை செய்யாது. நான் யு.எஸ்.பி.யை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து சிந்தசைஸருக்கு 1983-ல் வந்த பழைய ஐந்து பின் மிடி கேபிளுக்குத் திரும்பிவிட்டேன். அதன் வாங்கும் முனையில் செய்தி ஒளியாக மாறித் தாண்டும். கிரவுண்டும் அங்கே இணையாது. இந்த உறுமலை அன்றைக்கே யோசித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. யு.எஸ்.பி.யை வடிவமைத்தவர்கள் மேல் இந்த ஒரு விஷயத்தில் கோபம்தான்.

பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். வந்த கையோடு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் வாங்கிய செலவில் இது பெரிய தொகை அல்ல.

என் அறையில் ஒரு சத்தம் மட்டும் இன்னும் மிச்சம். மின்விசிறியின் பழைய ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் ஸ்பீக்கரில் லேசாக ஒரு ரீங்காரம் வருகிறது, முழு வேகத்தில் வைத்தால் வருவதில்லை. அதனால் பதிவு செய்யும் நேரத்தில் விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.