விழுப்புரம், திண்டிவனத்தில் எந்த சிம் அதிகம்? எண்களைத் தானாகச் சோதித்தால் விடை கிடைக்குமா?

விழுப்புரத்தில் ஜியோ அதிகமா, ஏர்டெல் அதிகமா? திண்டிவனத்தில் இன்னும் எத்தனை பேர் பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருக்கிறார்கள்? ஒரு செல்போன் கடையில் கேட்டால் ஒரு பதில் வரும். அடுத்த கடையில் வேற பதில் வரும். அரசுப் புள்ளிவிவரத்தில் தேடினால் பதிலே கிடைக்காது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், எந்த நிறுவனத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்று மாதாந்திரக் கணக்கை வெளியிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு 'தமிழ்நாடு' என்ற ஒரே வட்டத்தோடு நின்றுவிடும். சென்னையும் புதுச்சேரியும்கூட அந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன. மாவட்ட வாரியாகவோ ஊர் வாரியாகவோ பிரித்துத் தருவதில்லை.

அப்போ, வெளியில் இருக்கும் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. கம்ப்யூட்டர் மூலம் ஆயிரக்கணக்கான எண்களைத் தானாகச் சோதித்து, எந்த எண் பயன்பாட்டில் இருக்கிறது, அது எந்த நிறுவனத்தின் எண் என்று எண்ணிப் பார்க்கலாம். இந்த முறை எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும்? பார்க்கலாம்.

லேண்ட்லைனில் இது ஏன் சுலபம்?

விழுப்புரத்தின் எஸ்.டி.டி. கோடு 04146. திண்டிவனத்துக்கு 04147. அதன் பிறகு வருவது 6 இலக்க எண். அந்த ஆறில் முதல் இலக்கமே எந்த நிறுவனம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2-ல் தொடங்கினால் பி.எஸ்.என்.எல். 4 என்றால் ஏர்டெல். 3 ரிலையன்ஸுக்கும் 6 டாடாவுக்கும் தரப்பட்டவை.

அதாவது ஒரு லேண்ட்லைன் எண்ணிலேயே ஊர் பெயரும் கம்பெனி பெயரும் எழுதியிருக்கிறது. மொபைலைப் போல நிறுவனம் மாறும் 'போர்ட்' வசதி லேண்ட்லைனுக்கு இல்லை என்பதால், இந்த அடையாளம் மாறுவதும் இல்லை.

04147-ல் 2-ல் தொடங்கும் எண்கள் மொத்தம் 1 லட்சம்தான் இருக்க முடியும். எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை. குலுக்கல் முறையில் 1,000 எண்களை எடுத்துச் சோதித்தால் போதும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. 2-ல் தொடங்கும் 1,000 எண்களில் 100 எண்கள் பயன்பாட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 சதவீதம். அப்படியானால் மொத்தம் சுமார் 10,000 இணைப்புகள். 4-ல் தொடங்கும் 1,000 எண்களில் 20 மட்டும் பயன்பாட்டில் இருந்தால், சுமார் 2,000 இணைப்புகள். இருவர் மட்டுமே போட்டியில் இருந்தால், சந்தைப் பங்கு ஏறக்குறைய 83-க்கு 17.

இதில் பிழை வரம்பும் உண்டு. அந்த 10,000 என்பது உண்மையில் 8,100 முதல் 11,900 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 2,000 என்பது 1,100 முதல் 2,900 வரை இருக்கலாம். ஆனாலும் யார் முன்னிலை என்பதில் சந்தேகம் வராது.

லேண்ட்லைன் எண்களையும் ஊர் அளவிலிருந்து வட்ட அளவுக்கு மாற்றலாம் என்று 2025 பிப்ரவரியில் ட்ராய் பரிந்துரை செய்திருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால், எண்ணை வைத்து ஊரைச் சொல்லும் வசதி இங்கும் மெல்ல மறையலாம்.

மொபைலில் என்ன சிக்கல்?

மொபைல் எண்ணில் ஊர் பெயர் கிடையாது. 94430 என்று தொடங்கும் வரிசை, தமிழ்நாட்டு பி.எஸ்.என்.எல்.லுக்குத் தரப்பட்டது. 98940 ஏர்டெலுக்குத் தரப்பட்டது. அந்த எண்ணை வைத்திருப்பவர் திண்டிவனத்தில் இருக்கலாம், நாகர்கோவிலிலும் இருக்கலாம். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கம்பெனி பெயரும் இப்போது நம்பத்தகுந்தது இல்லை. 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி வந்தது. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலமும் எண்ணைக் கொண்டுபோகலாம்.

இதற்குத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நல்லா தெரிந்த உதாரணம் ஏர்செல். ஒரு காலத்தில் இங்கே கொடிகட்டிப் பறந்த நிறுவனம், 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு கொடுத்தது. சிக்னல் போய், போர்ட் செய்யக் கோடு எண் வராமல் மக்கள் அலைந்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஏர்செல் வரிசை எண்கள் பல இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா என்று வேறு வேறு நெட்வொர்க்கில் ஓடுகின்றன. முதல் ஐந்து இலக்கத்தை மட்டும் நம்பினால், இல்லாத கம்பெனிக்கும் சந்தைப் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும்!

எண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கம்ப்யூட்டரே டயல் செய்வது. மணி அடிக்கிறதா, சுவிட்ச் ஆஃபா, உபயோகத்தில் இல்லை என்ற அறிவிப்பு வருகிறதா என்று பதிவு செய்யும். ஆயிரக்கணக்கானவர்களின் போன் காரணமில்லாமல் அடிக்கும் என்பது இதில் உள்ள தொல்லை.

இரண்டாவது வழி, போன் அடிக்காமலே நெட்வொர்க்கிடம் கேட்பது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எச்.எல்.ஆர். என்ற பதிவேடு உண்டு. இந்த எண் யாருடையது, இப்போது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். மற்ற நெட்வொர்க்குகள் கால், எஸ்.எம்.எஸ். அனுப்பும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் இது. 404 அல்லது 405 என்று தொடங்கும் ஒரு குறியீடு பதிலாக வரும். அவை இந்தியாவுக்கான எண்கள். அடுத்த இலக்கங்கள் கம்பெனியையும் வட்டத்தையும் சொல்லும். உதாரணமாக 404-80 என்றால் தமிழ்நாடு பி.எஸ்.என்.எல். போர்ட் செய்த எண்ணாக இருந்தாலும் இன்றைய நெட்வொர்க் தெரிந்துவிடும். ஆனால் பாதுகாப்பு கருதி, வெளியில் இருந்து வரும் இந்தக் கேள்விகளைப் பல நிறுவனங்கள் வடிகட்டுகின்றன.

மூன்றாவது வழி, வாட்ஸ்அப் போன்ற ஆப்பிடம் 'இந்த எண் உங்களிடம் இருக்கிறதா?' என்று கேட்பது. இதில் எண் பயன்பாட்டில் இருப்பது தெரியும், கம்பெனி தெரியாது.

இந்த மூன்றில் எதைச் செய்தாலும் வட்ட அளவிலான பங்கு மட்டுமே கிடைக்கும். விழுப்புரத்தின் பங்கு கிடைக்காது.

'பயன்பாட்டில் உள்ள எண்' என்றால் என்ன?

கணக்கே மாறிப்போகும் இடம் இதுதான். ட்ராய் இரண்டு எண்ணிக்கைகளை வெளியிடுகிறது. ஒன்று, மொத்த இணைப்புகள். இன்னொன்று, வி.எல்.ஆர். கணக்கு. உங்க போன் ஆனில் இருந்து டவரோடு தொடர்பில் இருந்தால் மட்டுமே அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும். தொடர்பு அறுந்தால் அதிகபட்சம் 72 மணி நேரத்தில் நீக்கப்பட வேண்டும். மாதத்தில் அதிகபட்சப் பதிவு இருந்த நாளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

2024 டிசம்பர் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 115 கோடி மொபைல் இணைப்புகள் இருந்தன. வி.எல்.ஆர். கணக்கில் சுமார் 106 கோடிதான். இடையில் இருக்கும் 9 கோடி சிம்கள் டிராயரில் தூங்குகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தூக்கம் எல்லா நிறுவனத்திலும் ஒரே அளவு இல்லை. ஏர்டெலில் கிட்டத்தட்ட எல்லா சிம்மும் ஓடிக்கொண்டிருக்கிறது. பி.எஸ்.என்.எல்.லில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதனால் மொத்த இணைப்பில் சுமார் 8 சதவீதமாக இருக்கும் பி.எஸ்.என்.எல். பங்கு, ஓடும் சிம்களை மட்டும் எண்ணினால் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது.

ஜியோவுக்கும் இது நடந்தது. 2021 செப்டம்பர் மாதத்தில் மட்டும் ஜியோவின் எண்ணிக்கை சுமார் 1.9 கோடி குறைந்தது. பயன்படுத்தாத சிம்களைக் கணக்கிலிருந்து நீக்கியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிம் எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரே போனில் இரண்டு சிம் போடுபவர் இரண்டு வாடிக்கையாளராகக் கணக்கில் வருவார். பேங்க் ஓ.டி.பி.க்காகப் பழைய எண்ணை வைத்துக்கொண்டு, நெட்டுக்கு வேறு சிம் போடுவது ஊர்ப்பக்கம் சாதாரணம். தானியங்கிச் சோதனைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

இதில் ஆபத்து எங்கே?

சந்தைப் பங்கை அளக்க உதவும் அதே கருவி, மோசடிக்காரர்களுக்கு முதல் படி. எந்த எண் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' கால் செய்ய முடியும்.

இது எவ்வளவு பெரிய அளவில் சாத்தியம் என்பதை 2025 நவம்பரில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாட்ஸ்அப்பின் 'கான்டாக்ட் தேடும்' வசதி வழியாக மணிக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட எண்களைச் சோதித்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 350 கோடி கணக்குகள் சிக்கின. நாடுகளில் முதலிடம் இந்தியாவுக்கு, ஏறக்குறைய 75 கோடி. அவர்கள் முன்கூட்டியே தகவல் சொன்ன பிறகு, மெட்டா நிறுவனம் இந்த வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆய்வாளர்கள் கைக்குப் பதில் மோசடிக் கும்பல் கைக்குப் போயிருந்தால்?

ஊர்க்கணக்கு எதற்கு வேண்டும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனம் அருகே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஓடி ரயில்கள் நின்றன. இப்படிப்பட்ட நாளில் ஒரு நிறுவனத்தின் டவர்கள் மட்டும் செயலிழந்தால் எத்தனை பேர் துண்டிக்கப்படுவார்கள்? அதற்குப் பதில் சொல்லத் தேவை, அந்த மாவட்டத்தில் அந்த நிறுவனத்தின் உண்மையான பங்கு. தமிழ்நாட்டு சராசரி இங்கே உதவாது.

நிறுவனங்களிடம் இந்தத் தகவல் இல்லாமலும் இல்லை. எந்த டவரில் எத்தனை போன் இணைந்திருக்கிறது என்பது அவர்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். 2024-ல் ட்ராய் கொண்டுவந்த சேவைத்தர விதிகளே மாவட்டத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் பெரிய அளவில் சேவை முடங்கினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும் என்கிறது விதி. இயற்கைப் பேரிடரால் வந்த முடக்கத்துக்கு இது பொருந்தாது.

நஷ்ட ஈடு தர மாவட்ட வாடிக்கையாளர் பட்டியல் இருக்க முடியும் என்றால், எண்ணிக்கையை மட்டும் மாவட்ட வாரியாக வெளியிடுவதில் என்ன சிரமம்? பெயரும் எண்ணும் இல்லாத வெறும் மொத்தக் கணக்கு அது. யாருடைய ரகசியமும் வெளியாகாது. வெளியாள் லட்சம் எண்களைத் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் இருக்காது.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

- சிம் வாங்கும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் மேப்பில் உங்க தெருவைத் தேடிப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த மேப்பை வெளியிடுவது கட்டாயம்.

- இரண்டு சிம் போடுபவர்கள் இரண்டையும் வேறு வேறு நிறுவனத்தில் வைத்திருந்தால், புயல் நேரத்தில் ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்க வாய்ப்பு உண்டு.

- நிறுவனம் மாற, PORT என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு உங்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கோடு எண் வரும். சமீபத்தில் சிம்மை மாற்றியிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும்.

- உங்க பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

- ஒரு ரிங் விட்டு கட் ஆகும் தெரியாத எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டாம். உங்க எண் பயன்பாட்டில் இருக்கிறதா என்று யாரோ சோதித்துப் பார்த்த அழைப்பாகவும் அது இருக்கலாம்.