தீப்பெட்டி முதலாளிகளின் போட்டியும் பெண் தொழிலாளியின் கூலியும்

“லைட்டர் வந்துவிட்டது, தொழில் அழிகிறது! முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பமாக நின்று தொழிலைக் காப்போம்!” சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டி முதலாளிமார்கள் சில ஆண்டுகளாக எழுப்பிவரும் கோஷம் இது. குரலில் கண்ணீர் வழிகிறது. கூலி உயர்வு என்று ஒரு சொல் எழுந்தால் போதும், அந்தக் கண்ணீர் அணை உடைத்துப் பெருகுகிறது.

அவர்கள் கேட்டது கிடைக்காமல் போகவில்லை. 20 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்வதை 2023 ஜூன் மாதக் கடைசியில் மத்திய சர்க்கார் தடை செய்தது. உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று புகார் வரவே, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. இந்தத் தடைகளை நாம் எதிர்க்கவில்லை. ஒருமுறை தீர்ந்ததும் குப்பையில் எறியும் பிளாஸ்டிக் பண்டத்துக்காகக் கரிசல் காட்டுக் குடும்பங்களின் அடுப்பு அணைய வேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். முதலாளியின் சந்தைக்கு இரண்டு முறை காவல் போட்ட அந்த உத்தரவுகளில், கட்டையில் குச்சி அடுக்கும் பெண்ணின் கூலியைப் பற்றி ஒரு வரி உண்டா? இல்லை. காக்கப்பட்டது யாருடைய தொழில்?

இதற்குப் பதில் தேட நூறு ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்று முதலாளி, மூன்று வழி

1917ல் ஸ்வீடன் நாட்டில் ஐவர் குரூகர் என்ற முதலாளி தீப்பெட்டி ஆலைகளை ஒன்றாகச் சேர்த்து ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனியை அமைத்தார். அவருடைய வழி விசித்திரமானது. பணமுடையில் தவிக்கும் சர்க்கார்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்கிக்கொள்வார். 1929ல் ஜெர்மனிக்கு 12 கோடியே 50 லட்சம் டாலர் கடன் தர ஒப்பந்தம் செய்து ஏகபோகம் பெற்றார். குரூகர் 1932ல் பாரிஸ் நகரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டார். ஜெர்மனியில் அவர் நாட்டிய ஏகபோகமோ 1983 வரை சாகவில்லை!

இந்தக் கம்பெனி 1923ல் இந்தியாவுக்கு வந்து விம்கோவாகப் பெயர் சூட்டிக்கொண்டது. பெரிய யந்திரங்கள், பெரிய ஆலைகள், சொந்த லேபிள்கள் என்பது அதன் வழி. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா என்று வளர்ந்து திருவொற்றியூரிலும் கால் ஊன்றியது. விம்கோ நகர் என்ற பெயர் இன்றும் சென்னையில் அதற்குச் சாட்சி.

ஏறத்தாழ அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமியில் ஒரு தொழிலை ஊன்றிய அவர்களுடைய முயற்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்னியக் கம்பெனியின் யந்திரத்தைச் சிவகாசி எதைக் கொண்டு வென்றது? யந்திரமே இல்லாமல் வென்றது. மருந்து முக்குவது ஆபீசில் நடக்கும். பெட்டி ஒட்டுவதும் குச்சி அடுக்குவதும் கிராமத்து வீட்டுத் திண்ணைக்குப் போகும். ஆலைக்கு வாடகை, விளக்குச் செலவு, விடுமுறைச் சம்பளம் எல்லாம் தொழிலாளியின் தலையில். கைத்தொழில் என்பதால் வரியிலும் சலுகை. அந்தச் சலுகையைப் பிடிக்க ஒரே முதலாளி பத்துப் பெயரில் பத்துச் சிறு ஆலைகள் வைத்துக்கொண்ட கதையும் இந்த வட்டாரம் அறிந்ததே.

அதனினும் கொடிய ஆயுதம் ஒன்று இருந்தது. அது குழந்தைகளின் விரல்கள். விடியுமுன் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளை அள்ளிச் சென்ற காலத்தை இன்று பாட்டிகளாக இருக்கும் பெண்கள் மறக்கவில்லை. 1986ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நஷ்டஈடு கட்டவேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. சட்டமும் பள்ளிக்கூடமும் மக்களின் விழிப்பும் சேர்ந்தே பிள்ளைகளைப் பெருமளவு மீட்டன. முதலாளியின் மனச்சாட்சி மீட்கவில்லை.

மூன்றாவதாக வந்தது ஐடிசி. சிகரெட்டில் குவித்த மூலதனத்தோடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தீப்பெட்டிக்குள் நுழைந்தது. அதன் வழி இன்னும் சாமர்த்தியமானது. சிறு ஆலைகளைப் பெட்டி செய்து தரச் சொல். மேலே உன் லேபிளை ஒட்டு. நாடு முழுவதும் உள்ள உன் விற்பனை வலையில் தள்ளு! 2005ல் விம்கோவையே விழுங்கிவிட்டது. சிவகாசியோடு மல்லுக்கட்டிய கப்பல் மார்க்கும் சிவகாசியிலிருந்து சரக்கு வாங்கிய புதிய லேபிள்களும் ஒரே பெட்டகத்துக்குள் அடங்கின.

யந்திரத்தை நம்பியவர் ஒருவர். திண்ணையை நம்பியவர் ஒருவர். லேபிளை நம்பியவர் ஒருவர். வழிகள் மூன்று. மூன்று கணக்கிலும் லாபம் ஊறிய கிணறு ஒன்றே. அது தொழிலாளியின் உழைப்பு.

இரண்டு ரூபாயின் கதை

14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகிவிட்டது, மெழுகும் அட்டையும் ஏறிவிட்டன என்று முதலாளிகள் சங்கங்கள் கணக்குக் காட்டின. கணக்கு உண்மையாகவே இருக்கட்டும். அதே அறிவிப்பில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருந்தது. 600 பெட்டி கொண்ட பண்டலை அவர்கள் விற்றுவந்தது 270 முதல் 300 ரூபாய்க்கு. கடையில் அந்த 600 பெட்டிக்கு ஜனங்கள் கொடுத்தது 600 ரூபாய். புதிய விலையில் பண்டல் 430 முதல் 480 ரூபாய். ஜனங்கள் கொடுப்பது 1,200 ரூபாய். வரியும் லாரி வாடகையும் போக மீதி இடைத் தரகர்களின் பைக்கும் வியாபாரிகளின் கல்லாவுக்கும் போகிறது.

இங்கே சிறு உற்பத்தியாளருக்கும் ஒரு வார்த்தை. அவருடைய கஷ்டம் பொய்யல்ல. 2017ல் கையால் செய்த பெட்டிக்கு 5 சதவீதமும் யந்திரப் பெட்டிக்கு 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. போட்ட மத்திய சர்க்கார், 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 சதவீதம் என்று ஒரே தராசில் நிறுத்தியது. யானைக்கும் ஆட்டுக்கும் சமத்துவம்! ஆனால் மேலிருந்து விழும் அடியைத் தாங்காமல் கீழே இருக்கும் பெண்ணை அடித்தால் அவர் கஷ்டம் தீருமா? அந்தப் பெண் தோற்ற இடத்தில் நாளை அவரும் தோற்பார்.

உலகெங்கும் இதே கணக்கு

இது கந்தகப் பூமியின் விதி மட்டும்தானா? நகரத்துப் பிள்ளைகள் டெலிவிஷனில் பொருத்தி விளையாடும் வீடியோ கேம் யந்திரத்தைப் பாருங்கள். சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ என்ற மூன்று கம்பெனிகள் அங்கே மல்லுக்கு நிற்கின்றன. 2006ல் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 யந்திரத்தை அடக்க விலைக்கும் குறைவாக விற்றது. விளையாட்டுத் தட்டுகளில் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதே ஆண்டு நின்டெண்டோ விலையுயர்ந்த உறுப்புகளைத் தவிர்த்து வீ என்ற மலிவு யந்திரத்தை இறக்கியது. மைக்ரோசாப்ட் பிற்பாடு மாதச் சந்தா வழியைப் பிடித்தது. பத்திரிகைகள் இதை மூன்று மேதைகளின் சதுரங்கம் என்று வர்ணிக்கின்றன.

சதுரங்கக் காய்களைச் செய்தவர் யார்? மூவருக்கும் யந்திரம் பூட்டிக் கொடுத்தது ஒரே பாக்ஸ்கான் கம்பெனி. 2012 ஜனவரியில் அதன் வூஹான் ஆலையில் மைக்ரோசாப்டின் யந்திரத்தைப் பூட்டிய தொழிலாளர்கள் மாடியில் ஏறி நின்று, குதித்துச் சாவோம் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், யன்டாய் ஆலையில் 14 வயதுப் பிள்ளைகள் பயிற்சி என்ற பெயரில் வேலை செய்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மேலே மூன்று கொடி. கீழே ஒரே முதுகு. அன்று சிவகாசியின் தீக்குச்சி, பிறகு யன்டாயின் யந்திரம். பொருள் மாறியது, பிள்ளையின் விரல் மாறவில்லை.

பட்டாசிலும் அதுவே

நம் ஊருக்கே திரும்புவோம். பட்டாசு முதலாளிகளின் போட்டி என்ன? பெட்டியின் மேல் எட்டாத விலையை அச்சிட்டு, எண்பது சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரம் செய்வது. லைசென்சு வாங்கியவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது. குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். ஆகவே நாலு பேர் அறையில் கூடுதல் ஆள்; வெயிலேறிய பின்னும் மருந்து வேலை. 2021 பிப்ரவரி 12ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அந்த ஆலையும் உள்குத்தகையில் ஓடியது பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. இதை விபத்து என்கிறார்கள். நாம் இதைப் போட்டியின் விலை என்கிறோம்.

நமது வழி எது?

முதலாளிகளுக்கு வழிகள் இருக்கின்றன. தொழிலாளிக்கும் ஒரு வழி வேண்டாமா?

கூலி உயர்வு கேட்டால் சிவகாசி முதலாளி, “கோவில்பட்டிக்காரன் குறைத்துக் கொடுக்கிறான், நான் எப்படிக் கூட்டுவேன்?” என்கிறார். கோவில்பட்டிக்குப் போனால் அங்கே சிவகாசியைக் கை காட்டுகிறார்கள். ஆபீசில் கேட்டால் வீட்டு வேலையைக் காட்டுகிறார்கள். வீட்டில் கேட்டால் யந்திரத்தைக் காட்டுகிறார்கள். இந்தக் கண்கட்டு வித்தைக்கு ஒரே மருந்துதான் உண்டு. கூலியைப் போட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும்! ஆபீஸ் ஆனாலும் திண்ணை ஆனாலும், விருதுநகர் ஜில்லா ஆனாலும் தூத்துக்குடி ஜில்லா ஆனாலும், ஒரே வேலைக்கு ஒரே கூலி. அப்போது எந்த முதலாளியும் அடுத்தவரைக் காட்டித் தப்ப முடியாது. நேர்மையான சிறு உற்பத்தியாளருக்கும் அதில் நஷ்டமில்லை. கூலியைத் திருடிப் போட்டி போடுகிறவரிடமிருந்து அவரையும் அதுவே காக்கும்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

சர்க்கார் நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி, கட்டைக் கணக்கிலும் குரோஸ் கணக்கிலும் பெயர்த்து ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரும் ஆலைப் பதிவேட்டில் ஏற வேண்டும்; பிராவிடண்ட் பண்டும் இ.எஸ்.ஐ. வைத்தியமும் அவளுக்கும் வேண்டும்.

லேபிள் ஒட்டி விற்கும் பெரிய கம்பெனி, அந்தப் பெட்டியைச் செய்தவரின் கூலிக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

பட்டாசு ஆலைகளில் உள்குத்தகை ஒழிய வேண்டும். லைசென்சு யார் பெயரிலோ அவரே உயிருக்கும் பொறுப்பு.

தீப்பெட்டித் தொழிலில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சங்கக் கூட்டத்தில் பத்துக்கு எத்தனை பேர் அவர்கள்? இந்தக் கேள்வியை முதலாளியிடம் அல்ல, நம்மிடமே கேட்டுக்கொள்கிறோம். அடுக்கிய கட்டையை ஒப்படைக்கப் போகும் இடத்தில், தண்ணீர்க் குழாயடியில், ஆபீஸ் பஸ்ஸில் நம் சங்கம் இருக்க வேண்டும்.

தொழிலைக் காப்போம், சந்தேகமில்லை. தொழில் என்பது லேபிளும் லைசென்சும் அல்ல. அதைச் செய்கிற கைகள்தாம். அந்தக் கைகளுக்கு உரிய கூலி கிடைக்கும் நாளில்தான் தொழில் காக்கப்பட்டது என்று நாம் ஒப்புக்கொள்வோம்.

தாய்மார்களே, தோழர்களே! ஒற்றைக் குச்சியை ஊதி அணைத்துவிடலாம். பண்டலே பற்றிக்கொண்டால் எந்த முதலாளி ஊதுவான்?