பூக்கூடைக்கும் இடம் வேண்டி ஒரு விண்ணப்பம்

புதுக்கோட்டை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் சமூகத்திற்கு, கீரமங்கலம் வட்டாரத்துப் பூ விவசாயிகள் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் கோரிக்கை மனு:

ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்னும் மூன்று தாலுகாக்களைக் கொண்டிருந்த பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், தஞ்சை ஜில்லாவின் எல்லையருகே கிடந்தது எங்கள் ஊர். 3-3-1948இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 14-1-1974இல் தனி மாவட்டம் உதயமானபோது, அதுவரை தஞ்சையைச் சேர்ந்திருந்த அறந்தாங்கி எங்களோடு வந்தது, பேராவூரணியோ தஞ்சையிலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் எங்கள் ஜீவனம் அதன் இருபுறமும் நடப்பதால், மேற்கே புதுக்கோட்டைக்குப் போவது போலவே கிழக்கே பேராவூரணிக்கும் தென்மேற்கே அறந்தாங்கிக்கும் நித்தமும் பிரயாணம் செய்பவர்களாயிருக்கிறோம்.

16-11-2018 அன்று கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போனபின், கைக்காசுக்குப் பூவைத்தான் நம்பினோம். முல்லையோ யாருக்கும் காத்திராது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்த மொட்டு, ஈரச்சாக்கில் பொதிந்து வைத்தாலும், வெயில் ஏறியதும் வாய் திறந்துவிடும். அப்புறம் கமிஷன் கடையில் மொட்டின் விலையை யார் சொல்வார்கள்? சென்ற முகூர்த்த நாளில் இரண்டு கூடைகளோடு நின்ற எங்கள் அங்கத்தினர் ஒருவர், வந்த பேருந்தில் ஆளுக்கு இடமிருந்தும் கூடைக்கு இடமில்லாமல், அடுத்ததற்குக் காத்திருந்து, விரிந்த பூவைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

காரைக்குடி - பட்டுக்கோட்டை ரயில் மார்க்கம் 2018இல் அகலப்பாதையாகி, அறந்தாங்கியிலும் பேராவூரணியிலும் நிலையங்கள் இருக்கின்றன. ஆகவே, ரயில் நேரங்களை அனுசரித்து இவ்விரு நிலையங்களுக்கும் கீரமங்கலத்திலிருந்து பேருந்துகள் விடவும், அதிகாலை வண்டியில் பூக்கூடைகளுக்கென்று சிறிது இடம் ஒதுக்கவும், பூ இறங்கும் இடத்தில் நிழற்கூரையும் குடிநீரும் அமைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். நக்கீரர் வழிபட்டதாகச் சொல்லப்படும் மெய்நின்றநாதர் ஆலயத்தையும் அங்குள்ள 81 அடிச் சிவன் சிலையையும் தரிசிக்க வரும் வெளியூராருக்கும் இந்தப் பேருந்துகள் உபயோகப்படும். ஆனால் எங்கள் அவசரம் பூவின் அவசரம் என்பதை ஒளிப்பானேன்?

பேராவூரணி மார்க்கம் இரண்டு மாவட்டங்களைத் தொடுவதால், தஞ்சை மாவட்ட அதிகாரிகளையும் கலந்து நேர அட்டவணை வகுக்கவும், அவ்வாலோசனைக்கு எங்கள் பிரதிநிதிகள் இருவரை அழைக்கவும் பிரார்த்திக்கிறோம். முற்பகலில் அழைத்தால் பூ வேலை முடித்து வர ஸௌகரியமாயிருக்கும்.

இங்ஙனம்,
சங்கத்தார், கீரமங்கலம்.