திரும்பி வந்த ரொக்கெட், இறங்கி வராத விலை

2025 ஜூலை 2ஆம் திகதி இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை ஆரம்பமானது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதற்கு முதல் வருசம் ஆகஸ்டிலேயே அனுமதிப்பத்திரம் கொடுத்திருந்தது. வானத்திலிருந்து நேரா இணையம். கம்பம் வேணாம், டவர் வேணாம். மலையகத்துக்காகவே செஞ்ச மாதிரி இல்லையா?

ஒரு பக்கம் டவர் தெரிஞ்சா மறுபக்கம் மலை மறைக்கிற ஊர் நம்ம ஊர். கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தப்போ பாதை, கரண்ட், போன் எல்லாம் ஒண்ணா அறுந்துபோச்சு. பக்கத்து டிவிசன்ல சொந்தக்காரங்க உயிரோட இருக்காங்களான்னுகூட கேட்டுக்க முடியாத நிலைமை. நமக்கு இணையம் படம் பார்க்கிறதுக்கான வசதி மட்டும் இல்ல.

சரி, விலை எவ்வளவு? ஆரம்பத்தில் அறிவிச்சபடி, மலிவான வீட்டுப் பெக்கேஜ் மாசம் 12,000 ரூபா. டிஷ்ஷும் ரவுட்டரும் உள்ள பெட்டி ஒரு லட்சத்துக்கு மேல. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியோட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 12,000ஐ 1,350ஆல வகுத்துப் பாருங்க. ஒரு மாச இணையத்துக்கு ஒன்பது நாள் மலை ஏறிக் கொழுந்து பறிக்கணும். பெட்டிக்கு, ஒரு லட்சம்னே வச்சுக்கிட்டாலும், 74 நாள். சம்பளம் அப்புறம் கொஞ்சம் கூடினாலும் இந்தக் கணக்கு பெரிசா மாறாது.

இந்தக் கணக்கைப் போட்ட யாருக்கும் வரவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. ரொக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறதால விண்வெளி மலிவாகிப் போச்சுன்னு பத்து வருசமா சொல்றாங்களே, அந்த மலிவு எங்க போச்சு?

முதல்ல அந்த மீள்பாவனை என்னன்னு பார்ப்போம். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தோட ஃபால்கன் 9 ரொக்கெட்டுக்கு ரெண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் 9 எஞ்சின். புறப்பட்டு இரண்டரை நிமிசத்தில் அதோட வேலை முடிஞ்சிடும். மேல் அடுக்கு செய்மதிகளைத் தூக்கிக்கிட்டுத் தொடர்ந்து போகும். பழைய வழக்கத்தில் கீழ் அடுக்கு அப்படியே கடலில் விழும். பல கோடி டொலர் பெறுமதியான இயந்திரம், மூணு நிமிசம்கூட ஓடாம குப்பையாகிடும். கொழும்புக்கு ஒரு தடவை போய்ட்டு பஸ்ஸைக் கடல்ல தள்ளிவிடுற மாதிரி.

ஃபால்கன் 9 அதை மாத்திச்சு. கழன்ட கீழ் அடுக்கு, மிச்சம் வச்சிருக்கிற எரிபொருளில் சில எஞ்சினைத் திரும்பவும் பத்தவச்சு வேகத்தைக் குறைக்கும். மேல்பக்கம் இருக்கிற வலைமாதிரியான நாலு துடுப்புகள் அதைத் திசை திருப்பும். கடைசி நேரத்தில் நாலு கால் விரியும். தரையிலோ, கடலில் நிக்கிற மிதவைக் கப்பலிலோ நேரா நிமிர்ந்து இறங்கும். 2015 டிசம்பரில் முதல் தடவையா இப்படித் தரையிறங்கிச்சு. ஏற்கெனவே பறந்த ஒரு அடுக்கு 2017 மார்ச் 30ஆம் திகதி முதல் தடவையா மறுபடி பறந்தது. 2025க்குள்ள ஒரே அடுக்கு 30 தடவைக்கும் மேல போய்வந்திருக்கு.

சாதனைதான். ஆனா மீள்பாவனை இலவசம் இல்ல. இது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய விசயமே இல்ல. தேயிலைச் செடியைச் சில வருசத்துக்கு ஒருதரம் கவ்வாத்து வெட்டுறோம். வெட்டின மலை மாசக்கணக்கில் கொழுந்து தராது. வெட்டக் கூலி, உரம், களை பிடுங்க ஆள், எல்லாம் செலவு. அந்தச் செலவைத் தாண்டி செடி திருப்பித் தரும்னு கணக்கு வந்தாதான் கவ்வாத்து லாபம்.

ரொக்கெட்டுக்கும் அதேதான். திரும்பி வர எரிபொருள் மிச்சம் வைக்கணும், அதனால மேல தூக்கிப் போற பாரம் குறையும். இறங்கினதும் சோதிக்கணும், பழுது பார்க்கணும். ரெண்டு தடவை பறந்தா செலவு சமம், மூணாவது தடவையிலிருந்து லாபம்னு எலோன் மஸ்க் 2020ல கணக்குச் சொன்னார். போட்டி நிறுவனமான யுனைட்டட் லோஞ்ச் அலையன்ஸின் அப்போதைய தலைவர் டோரி புரூனோவோ, சராசரியா பத்துத் தடவை பறந்தாதான் கட்டுப்படியாகும்னு வாதாடினார். ரெண்டு பேருக்கும் விக்கிறதுக்குச் சரக்கு இருக்கு, அதனால ரெண்டு கணக்கையும் பார்த்துத்தான் எடுக்கணும். ஆனா ஒரு அடுக்கு 30 தடவையைத் தாண்டிட்ட பிறகு எந்தக் கணக்கிலயும் அது லாபம்தான்.

மீள்பாவனை தோத்துப்போன கதையும் இருக்கு. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981லிருந்து 2011வரை 135 தடவை பறந்தது. ஓடமும் திரும்பி வரும், பக்கத்துப் பூஸ்டர்களையும் கடலிலிருந்து மீட்டுத் திரும்பப் பாவிச்சாங்க. ஆரம்பத்தில் சொன்னது, பயணச் செலவு அடிமட்டத்துக்கு இறங்கும்னு. நடந்தது வேற. ஒவ்வொரு தடவையும் பழுதுபார்க்கவே பெரிய படை தேவைப்பட்டது. மொத்தத் திட்டச் செலவைப் பயணங்களால வகுத்தா ஒரு பயணத்துக்கு நூறு கோடி டொலருக்கும் மேல. அதனால திரும்பி வர்றது மட்டும் போதாது. லேசாத் திரும்பி வரணும், அடிக்கடி போகணும். ஃபால்கன் 9 ஜெயிச்சது அங்கதான். 2024ல மட்டும் 130க்கும் மேல பறந்திருக்கு.

இனி நம்ம கேள்விக்கு வருவோம். பறந்த ரொக்கெட்டை இன்னொரு தடவை அனுப்ப ஆகுற கூடுதல் செலவு, நல்லபடியா போனா, 15 மில்லியன் டொலர் அளவுதான்னு மஸ்க் 2020ல ஒரு பேட்டியில் சொன்னார். ஆனா வாடிக்கையாளருக்குப் போட்ட விலைப்பட்டியலில் 2016 வாக்கில் 62 மில்லியன் டொலர். 2024ல ஏறக்குறைய 70 மில்லியன். செலவு இறங்கிச்சு, விலை ஏறிச்சு.

நியாயமா ரெண்டு விசயம் சொல்லணும். பணவீக்கத்தைக் கழிச்சுப் பார்த்தா அது ஏற்றமே இல்ல, கொஞ்சம் இறக்கம்தான். சின்னச் செய்மதிகளுக்கு நிஜமாவே கதவு திறந்திருக்கு. 2021 ஜனவரியில் ஒரே ரொக்கெட்டில் 143 செய்மதிகள் கூட்டா ஏறிப் போச்சு. பஸ்ஸை முழுசா வாடகைக்குப் பிடிக்காம ஒரு சீட்டுக்கு மட்டும் காசு கட்டுற மாதிரி. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

ஆனாலும் பெரிய மிச்சம் யார் கைக்குப் போச்சுன்னா, ரொக்கெட்டைச் சொந்தமா வச்சிருக்கிறவங்க கைக்குத்தான். அந்த மிச்சத்தில்தான் அவங்க தங்களோட ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்க் செய்மதிகளை மேல அனுப்பினாங்க. அவங்க ரொக்கெட் பயணங்களில் பெரும்பங்கு தங்களோட சொந்தச் செய்மதிகளுக்குத்தான். அவங்க பக்கத்திலிருந்து பார்த்தா அது புத்திசாலித்தனமான வியாபாரம். கிட்ட யாருமே போட்டிக்கு இல்லாதப்போ எந்தக் கடைக்காரர் விலையைக் குறைப்பார்?

இதுவும் நமக்குப் புதுசு இல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட செடியில் இன்னைக்கும் கொழுந்து எடுக்கிற மலைகள் நம்மகிட்ட இருக்கு. அந்தச் செடியோட முதல் எப்பவோ வசூலாகிருச்சு. ஒரே செடியிலிருந்து தலைமுறை தலைமுறையா எடுத்த லாபம் லயத்துக் காம்பிராவுக்குள்ள தானா நடந்து வந்துச்சா? ஆயிரம் ரூபா சம்பளக் கோரிக்கை வருசக்கணக்கா இழுபட்டு 2021லதான் வர்த்தமானிக்கு வந்தது. கேட்டதால வந்தது, கூட்டமா நின்னதால வந்தது. குறைஞ்ச செலவு மேலேயே தங்கிக்கும். அதைக் கீழ இறக்க, ஒண்ணு போட்டி வரணும், இல்லைன்னா கேக்கிற ஆள் இருக்கணும். ரொக்கெட்டுக்கும் இதே கதைதான்.

போட்டி வர ஆரம்பிச்சிருக்கு. 2025 நவம்பர் 13ஆம் திகதி ப்ளூ ஒரிஜின் நிறுவனம் தன்னோட நியூ க்ளென் ரொக்கெட்டின் கீழ் அடுக்கைக் கடலில் நின்ன கப்பலில் இறக்கிச்சு. நமக்குப் பக்கத்திலயும் வேலை நடக்குது. இந்தியாவின் இஸ்ரோ, கர்நாடகாவின் சித்ரதுர்காவில் புஷ்பக் என்ற சிறகுள்ள சோதனை ஓடத்தை மூணு தடவை ஹெலிகொப்டரிலிருந்து விட்டு ஓடுபாதையில் தானா இறங்க வச்சது: 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன். மூணாவது தடவை பறந்தது ரெண்டாவது தடவை பறந்த அதே உடம்பு. 2024 செப்டெம்பரில், கீழ் அடுக்கு திரும்பி வரக்கூடிய அடுத்த தலைமுறை ரொக்கெட்டுக்கு 8,240 கோடி இந்திய ரூபா ஒதுக்கி இந்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது.

இஸ்ரோ கதையில் நம்ம தீவுக்கும் ஒரு பாத்திரம் இருக்கு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு நேரா தெற்கே ரொக்கெட் விட்டா அது இலங்கைக்கு மேலதான் போகும். கழன்டு விழுற அடுக்குகள் நம்ம தலைமேல விழக்கூடாதுன்னு ரொக்கெட் நடுவழியில் வளைஞ்சு போகுது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு, அதனால பாரம் குறைவு. சின்ன ரொக்கெட்டுகளுக்கு இது கட்டுப்படியாகாதுன்னுதான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் திகதி அடிக்கல் நாட்டினாங்க. அங்கிருந்து ஹட்டன் முந்நூறு கிலோமீற்றர் சொச்சம்தான்.

மேல போறது எங்க விழும்கிறது நமக்கு வெறும் படிப்பறிவு இல்ல. 2015 நவம்பர் 13ஆம் திகதி, எப்பவோ தூக்கி வீசின ஒரு விண்வெளிக் குப்பைத் துண்டு இலங்கையின் தெற்குக் கடலுக்கு மேல எரிஞ்சு விழுந்தது. 1998ல நிலாவுக்குப் போன ஒரு கலத்தைத் தள்ளிவிட்ட பாகமா இருக்கலாம்கிறது ஆய்வாளர்களின் கணிப்பு. 2021 மே மாசம், கட்டுப்பாடில்லாம சுத்திக்கிட்டிருந்த சீனாவின் பெரிய ரொக்கெட் அடுக்கு மாலைத்தீவுக்குப் பக்கத்தில் விழுந்தது. சொன்ன இடத்தில் வந்து இறங்குற அடுக்கு, எங்க விழும்னு தெரியாத அடுக்கை விட பாதுகாப்பானது. காசுக் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும், இந்தக் காரணத்துக்காகவே நான் மீள்பாவனையின் பக்கம்.

"கூரை ஒழுகுற லயத்தில இருந்துக்கிட்டு ரொக்கெட் கதை எதுக்கு?"ன்னு சிலபேர் கேப்பாங்க. கூரை முக்கியம்தான், மறுப்பே இல்ல. ஆனா அடுத்த இருபது வருசத்தில் பாடம், வேலை, வைத்தியம், மண்சரிவு எச்சரிக்கை எல்லாமே ஏதோ ஒரு சிக்னல் வழியாத்தான் வரப்போகுது. அந்தச் சிக்னலுக்கு யார் விலை வைக்கிறாங்கன்னு தெரியாம இருந்தா, கூரை போட்ட வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டும் நாம வெளியிலதான் நிப்போம்.

அப்போ என்ன கேக்கலாம்? மூணு விசயம் சொல்றேன். ஒண்ணு, வீட்டுக்கு ஒரு டிஷ்னு நினைக்கிறதை விட்டுட்டு பொதுவா ஒண்ணு. 12,000 ரூபாவை நாப்பது குடும்பம் பிரிச்சா ஆளுக்கு 300. ஆனா வீட்டுப் பெக்கேஜை இப்படிப் பகிர அனுமதி இருக்காது. அதனால பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் தனியா சமூகக் கட்டணம் வேணும்னு கேக்கணும். அனுமதிப்பத்திரம் கொடுக்கிற ஆணைக்குழு நிபந்தனை போட வேண்டிய இடம் அதுதான். ரெண்டு, மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு டிவிசனுக்கும் அவசர காலத்துக்கு ஒரு செய்மதி இணைப்பும் அதை ஓட்ட ஒரு பேட்டரியும். அடுத்த மழைக்கு முந்தியே அது வரணும். மூணு, ஒரே நிறுவனத்தை நம்பி நிக்காம, வேற செய்மதிச் சேவைகள் வரும்போது அவங்களுக்கும் கதவு திறந்திருக்கணும். கேபிளும் டவரும் போடவேண்டிய உள்ளூர் நிறுவனங்கள் "அதான் ஸ்டார்லிங்க் வந்திருச்சே"ன்னு தோட்டத்தைக் கைகழுவவும் விடக்கூடாது.

விஞ்ஞானப் பிரிவில் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. ரொக்கெட் இறங்குற வீடியோவைப் பார்த்து அசந்து போங்க, தப்பில்ல. ஒருதரம் பார்த்துட்டு, அந்தப் பயணத்துக்கு என்ன செலவு, யார் கட்டினது, மிச்சம் யாருக்குன்னும் தேடிப் பாருங்க. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளைக் கவனிச்சுப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாம. அந்தப் பழக்கம் இங்கயும் உதவும்.