அழுத்தக் கோடும் நமது அன்றாடக் கூலியும்

பால்வெட்டுத் தோழர்களே! கிராணிமார்களே!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலைப் பிரட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கே வானம் கறுத்திருந்தது. மண்டோர் தயங்கி நின்றார். வாலிபத் தோழர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "பாருங்க கிராணி ஐயா, நம்ம பக்கம் ஒரு கோடுகூட இல்ல. மழை வராது" என்றார். நானும் அந்த இணைய வானிலைப் படத்தைப் பார்த்தேன். வடக்கே, வெகு தூரத்துக் கடல்களின் மேல் அழுத்தக் கோடுகள் நெருங்கிக் கிடந்தன. நம் தீபகற்பத்தின் மேல் ஒன்றுமே இல்லை. போகலாம் என்று தலையசைத்தவன் நான்தான்.

எட்டு மணிக்கு மழை இறங்கியது. மங்குகளில் பாலும் நீரும் ஒன்றாகி வழிந்தன. வெட்டிய பால் வேரடிக்குப் போயிற்று. மறுநாள் காலை மழைமானியைப் பார்த்துப் புத்தகத்தில் 31 மில்லிமீட்டர் என்று எழுதும்போது என் கை கூசியது. அந்த எண்ணுக்குள் எத்தனை பேருடைய ஒரு நாள் உழைப்பு கரைந்து போனது என்பது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியாதா?

அந்தப் படம் பொய் சொல்லிவிட்டதா? இல்லை. அது வேறு தேசத்துக்குரிய பாஷையில் பேசியது. நாம் அதை நம் பாஷை என்று நினைத்து ஏமாந்தோம். ஆகவே அந்தக் கோடுகள் என்ன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அறிந்த பின் வாய்மூடி இருக்கவும் கூடாது.

அழுத்தம் என்பது நமக்குப் புதிய சங்கதியன்று. விடியுமுன் ரப்பர் மரத்துப் பட்டையின் பால்குழாய்களில், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் இருக்கிறது. வெயில் ஏற ஏற அது குறைகிறது. அதனால்தான் நாம் இருட்டிலேயே உளியைப் பிடிக்கிறோம். காற்றுக்கும் அதுபோலக் கனமும் அழுத்தமும் உண்டு. அதை ஹெக்டோபாஸ்கல் என்ற அளவில் குறிக்கிறார்கள். பழைய பெயர் மில்லிபார். ஒரே அளவு அழுத்தம் உள்ள இடங்களை இணைத்து வரைவதே அழுத்தக் கோடு.

குளிர் நாடுகளில் இந்தக் கோட்டுக்கு மதிப்பு மிக அதிகம். அங்கே பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடுவதால், காற்று ஏறக்குறைய அந்தக் கோடுகளை ஒட்டியே ஓடுகிறது. கோடுகள் நெருங்கினால் புயற்காற்று, விலகினால் அமைதி. வட பாதி உலகில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்று டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் 1857-இல் விதி சொன்னார். 1875 ஏப்ரல் 1 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் பிரான்சிஸ் கால்ட்டன் வரைந்த வானிலைப் படம் வெளிவந்தது. அந்த வழியில் வளர்ந்த படம்தான் இன்று நம் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் தீபகற்பமோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு பாகையிலிருந்து ஏழு பாகைக்குள் அடங்கியது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் சக்தி பூமத்திய ரேகையில் இல்லவே இல்லை; அதன் அருகே மிகச் சொற்பம். ஆகவே இங்கே கோட்டுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. மேலும், இங்கே அழுத்தம் ஒவ்வொரு நாளும் இரு முறை ஏறி இரு முறை இறங்குகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். நான்கு மணியளவில் தாழ்வு. கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல் காற்றுக்கும் உண்டு. இந்த ஏற்றவற்றமே இரண்டு, மூன்று ஹெக்டோபாஸ்கல் வரும். படத்திலோ பெரும்பாலும் நான்கு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடுதான் போடுகிறார்கள். ஆகையால் நம் தலைக்கு மேல் கோடு தோன்றுவதும் மறைவதும் வெறும் மணிக்கணக்கின் விளையாட்டாகவே இருக்கக்கூடும்.

நம் மங்குகளை நிரப்பும் மழையோ வேறு வழியில் வருகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரண்டு, விடியுமுன்னோ காலையிலோ மேற்குக் கரையில் பாயும் சுமத்ராக் காற்று இருக்கிறதே, அது சரியாக வெட்டு நேரத்தில் வந்து நிற்கும். சில மணி நேரமே நிற்கும் அந்த இடிமழை, உலகம் முழுவதற்கும் வரையப்படும் அழுத்தக் கோட்டில் அகப்படுவதில்லை.

பெருமழைக்கும் இதே கதிதான். 2001 டிசம்பர் 27-ஆம் நாள் வாமெய் என்ற புயல், பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை அருகில் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்றுதான் அதற்கு முன் பாடம் சொல்லிவந்தார்கள். 2021 டிசம்பர் நடுவில் தீபகற்பத்தைக் கடந்த தாழ்வு, குளிர் நாட்டுப் படத்தில் யாரும் திரும்பிப் பாராத அளவு மெலிந்தது. ஆனால் அந்த மழை சிலாங்கூரை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தில் 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அப்படியானால் அழுத்தக் கோடு நமக்கு உதவாததா? அப்படியும் சொல்லக்கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், நம் தலைக்கு மேலே பார்க்காமல் சீனாவையும் தென்சீனக் கடலையும் பார்க்க வேண்டும். அங்கே உயர்வழுத்தம் வலுத்துக் கோடுகள் நெருங்கினால், ஓரிரு நாட்களில் அந்தக் காற்று தெற்கே பாய்ந்து, கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூர் பக்கங்களில் கனமழையைக் கொண்டுவரக்கூடும். தெரிந்து பார்ப்பவனுக்குக் கோடு தோழன். தெரியாமல் பார்ப்பவனுக்கு அது குழி.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய படங்களை நடத்துவோர், உபயோகிப்பவர்களிடம் குறைகளைக் கேட்கிறார்கள். எழுதுபவர்கள் யார்? பாய்மரப் படகு ஓட்டுபவர்கள், விமானம் ஓட்டுபவர்கள், குளிர் நாட்டில் பனிக்கு அஞ்சுபவர்கள். கோடு தடித்திருக்கிறது, எண் சிறியதாயிருக்கிறது, மழை நிறத்தில் கோடு மறைகிறது என்று அவர்கள் எழுதுகிறார்கள். அது நியாயமே. எழுதியவருக்குத் தக்கபடி படம் திருந்துகிறது. எழுதாதவருக்குக் குறையே இல்லை என்று கருதப்படுகிறது. சங்கம் வளர்த்த நமக்கு இந்தப் பாடத்தை வேறொருவர் சொல்லித்தர வேண்டுமா?

"இலவசமாகத் தருகிறார்கள், அதில் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்கலாம். குறை சொல்வது நன்றிகெட்டதனமன்று. பொருள் யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர் வாய் திறந்தால்தான் அது செம்மையாகும். "எறும்பும் தவளையும் சொல்லாததையா கைப்பேசி சொல்லப் போகிறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீரிணைக்கு அப்பால் திரளும் மேகத்தை எறும்பு காணாது, ரேடார் காணும்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, பூமத்திய ரேகைப் பக்கத்தில், வேண்டுவோருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடு என்று நெருக்கமாய்க் காட்டும் வசதி வேண்டும். இரண்டாவது, நேற்று இதே மணிக்கு இருந்த அழுத்தத்துக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். அப்போது தினசரி ஏற்றவற்றம் கழிந்து, உண்மையான மாற்றம் மட்டும் நிற்கும். மூன்றாவது, காற்று ஓடும் திசையைக் காட்டும் ஓட்டக் கோடுகளை இப்பகுதிக்கு முன்னே வைக்க வேண்டும். நான்காவது, ரேடார் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட வேண்டும்.

கிராணிமார்களே, இதில் நமக்கு ஒரு கடமை உண்டு. "படம் சரியில்லை" என்று எழுதினால் எவரும் பொருட்படுத்தார். தேதி, மணி, இடம், படம் காட்டியது என்ன, மழைமானி காட்டியது என்ன என்று எழுதினால் மறுக்க முடியாது. தினமும் காலையில் மழை அளந்து எழுதும் புத்தகம் நம் மேசையில்தானே இருக்கிறது! அதன் பக்கத்தில் இன்னொரு வரிசை கோடிட்டு, ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சங்கக் கிளைகள் அவற்றைத் திரட்டினால் அது பத்துத் தோட்டங்களின் குரலாகிவிடும். நான் ஏற்கெனவே என் தோட்டத்துக் கணக்கை எழுதி அனுப்பிவிட்டேன்.

மற்றொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நாளை ஒரு நிர்வாகம் இதே படத்தை நீட்டி, "கோடு நெருங்கியிருக்கிறது, இன்று வெட்டு இல்லை, பேர் இல்லை" என்று சொல்லக்கூடும். அன்று, "இந்தக் கோடு இங்கே மழைக்குச் சாட்சியாகாது" என்று எடுத்துச் சொல்லும் அறிவு பிரட்டில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். புரியாத படத்தின் பெயரால் யாருடைய கூலியும் குறையக்கூடாது.

அன்று மழையில் போன பாலை என்னால் திருப்பித் தர முடியாது. ஆனால் இனி கோடு இல்லை என்பதற்காக நான் தலையசைக்கப் போவதில்லை. வானத்தைப் பாருங்கள், ரேடாரைப் பாருங்கள், கோட்டை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்!