தவணை தராத நோய்

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த மணப்பட்டு, கடலோரத்துக் கிராமம். அங்கே ஒரு வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருப்பதாக வைத்துக் கொள்வோம். பால் குடிக்கும்போதே அதற்கு மூச்சு வாங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, நாலு வாய் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கி விடுகிறது. இருதயத்தில் பெரிய துவாரம் என்கிறார் டாக்டர். பாட்டியம்மாளோ, "பச்சைக் குழந்தையின் மார்பிலா கத்தி வைப்பது? கொஞ்சம் சதை பிடிக்கட்டும், அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறாள்.

பாட்டியின் அன்பை நாம் குறை கூறோம். ஆனால் துவாரம் பெரிதாயிருப்பதனால்தான் சதை பிடிக்கவில்லை. ஓட்டைக் குடம் முதலில் நிரம்பட்டும், பிறகு அடைத்துக் கொள்ளலாம் என்பாருண்டோ?

இதனினும் பெரிய அபாயம் வேறொன்று உண்டு. கீழறைகளுக்கு நடுவே பெரிய துவாரம் இருந்தால், இடப்புறத்து இரத்தம் மிகுந்த வேகத்துடன் நுரையீரலுக்குள் பாய்கிறது. அந்த அழுத்தத்தினால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் நாளடைவில் தடித்துக் குறுகுகின்றன. ஓர் எல்லையைக் கடந்து விட்டால் அவை பழைய நிலைக்குத் திரும்பமாட்டா. அப்பொழுது துவாரத்தை அடைப்பதே ஆபத்தாய் முடியும்.

ஆகையினால்தான் 2018-ல் டில்லியில் கூடிய நம் நாட்டு நிபுணர்கள், இத்தகைய துவாரத்தை 6 மாதத்துக்குள் அடைத்துவிட வேண்டுமென்றும், மருந்துக்கு அடங்காவிடில் அதற்கும் முன்பே செய்ய வேண்டுமென்றும் வகுத்தார்கள். பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறி, துவாரம் ஏதுமின்றிப் பிறக்கும் குழந்தைக்கோ சில வாரங்களே தவணை. நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்பிப் பழகிய இடது கீழறை, உடல் முழுவதற்கும் அனுப்பும் வலுவை விரைவிலேயே இழந்து விடுகிறது.

எல்லாத் துவாரங்களுக்கும் அவசரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு துவாரங்கள் பல தாமே மூடிக் கொள்ளுகின்றன. மேலறைகளுக்கு நடுவே உள்ளது, குழந்தை செழிப்பாய் வளர்ந்து வந்தால், 2 வயது கடக்கும் வரையில் காத்திருக்கும். எது காத்திருக்கும், எது காத்திராது என்பதை 'எக்கோ' பரிசோதனைதான் சொல்லும், பஞ்சாங்கம் சொல்லாது.

1938-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் கிராஸ், இருதயத்தை அடுத்த ஒரு குழாயைக் கட்டி மூடி இத்துறைக்கு வழி திறந்தபோது, அந்தச் சிறுமிக்கு வயது 7. இன்று பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கும் சிகிச்சை நடக்கிறது. மணப்பட்டுக்கு எட்டிய தூரத்திலேயே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்திய ஸர்க்கார் 2013-ல் தொடங்கிய பால ஸ்வாஸ்திய திட்டத்தில் இருதயக் கோளாறும் சேர்ந்ததே.

தாய்மார்களே! பால் குடிக்கையில் வியர்த்தாலும், அழும்போது உதடு நீலம் பூத்தாலும், அடிக்கடி மார்ச்சளி கண்டாலும், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று இருந்து விடாதீர்கள். அன்றைக்கே குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள்.